சக்கர நாற்காலியில் ராமேஸ்வரம்: மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றிவர ஒரு வழிகாட்டி

முதல் தடவை சக்கர நாற்காலியில் ராமேஸ்வரம் கோவிலுக்குப் போனபோது என்னை நான்கு பேர் தூக்கினார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒண்ணும் பயப்படாதம்மா, தூக்கிருவோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியோடு நான் அந்தரத்தில் இருந்தேன். ஒருவர் பிடித்திருந்தது கழற்றி மாட்டுகிற கைப்பிடியை. அது அவர் கையோடு வந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் விடாமல் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். அன்றைக்குச் சாமியைப் பார்த்தேன், கோவிலைப் பார்க்கவில்லை. தூக்கிய வேகத்தில் உள்ளே கொண்டுபோய், அதே வேகத்தில் வெளியே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

எங்கள் ஊர் மண்டபம் பக்கம். பாலத்தைத் தாண்டினால் ராமேஸ்வரம். அதனால் அப்புறம் பல தடவை போய்வர முடிந்தது. முதுகுத்தண்டு அடிபட்டுப் புதிதாக நாற்காலிக்கு வந்தவர்களையும், அவர்கள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். அப்படிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாற்காலியில் கோவிலுக்குப் போவது இதுதான் முதல் தடவை என்றால் இது உங்களுக்கு.

நீங்கள் பார்க்கப் போவது என்ன

நம் பக்கத்துப் பெரிய கோவில்களில் நாற்காலிக்காரர்களுக்கு மிகவும் தோதான இடம் எது என்று கேட்டால், ராமேஸ்வரத்தின் மூன்றாம் பிரகாரத்தைத்தான் சொல்வேன். காரணம் அதன் அமைப்பு. நடக்கிற பாதை நடுவில் சமதளமாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ 5 அடி உயர மேடைகள். தூண்கள் எல்லாம் அந்த மேடைகள்மேல்தான் நிற்கின்றன. பாதையின் குறுக்கே தூண் கிடையாது.

வடக்கிலும் தெற்கிலும் சுமார் 640 அடி, கிழக்கிலும் மேற்கிலும் சுமார் 400 அடி. முழுதாக ஒரு சுற்று வந்தால் 2,080 அடி, அதாவது 630 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பாதையின் அகலம் இடத்துக்கு இடம் பதினான்கரை அடியிலிருந்து 17 அடி வரை. சாதாரண நாற்காலி இரண்டேகால் அடிக்குள் அடங்கும். ஆறு நாற்காலிகள் ஒரே வரிசையில் போகலாம். வெளிப் பிரகாரமான இந்த மூன்றாம் பிரகாரத்தில் மட்டும் 1,212 தூண்கள் என்பது கணக்கு. உள் பிரகாரங்களையும் சேர்த்தால் மொத்த நீளம் 3,850 அடி.

18ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் இந்தப் பிரகாரம் கட்டி முடிக்கப்பட்டது. பாம்பன் தீவு மணலும் பவளக்கல்லுமான பூமி. தூணுக்கு ஆகிற பாறை இங்கே இல்லை. ரயில் பாலமே 1914இல்தான் வந்தது. அதற்கு முன்னால் இந்தக் கல் அத்தனையும் படகில் கடல் கடந்து வந்து சேர்ந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பிரகாரத்துக்குள் போங்கள்.

நாற்காலியைத் தயார் செய்வது

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நாற்காலியைப் பாருங்கள். பின்சக்கரத்தில் காற்று, இரண்டு பக்க பிரேக், கால்மிதியின் திருகாணி. முன்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். அது இறுக்கமாகச் சுற்றினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் மாட்டிக்கொண்டு ஆளை முன்னால் தள்ளிவிடும். இடுப்புப் பட்டை இல்லாதவர்கள் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நான் பட்டதிலிருந்து கற்றது. நாற்காலியில் எந்தப் பாகமெல்லாம் கழன்று வரும் என்று பார்த்துவையுங்கள். கைவைக்கும் இடம், கால்மிதி, சில மாடல்களில் பின்சக்கரமே கழன்றுவிடும். கழலாத இரும்புச் சட்டத்தில், பிடித்தால் பிடி நிற்கிற நான்கு இடங்களில் சிவப்புத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிடுங்கள். யாராவது தூக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், "சிவப்புத் துணி கட்டுன எடத்துல மட்டும் பிடிங்க" என்று சொன்னால் போதும்.

கூடவே ஒரு பலகை. மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம், முக்கால் அங்குல பிளைவுட். தச்சரிடம் கொடுத்து ஒரு ஓரத்தைச் சீவி வாங்கிக்கொள்ளுங்கள். தானே தள்ளிக்கொண்டு ஏறுகிறவருக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி சாய்வு வேண்டும் என்பது கட்டடக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்தப் பலகை மூன்று அங்குலத்துக்குத்தான் சரி. பின்னால் ஒருவர் பிடித்துத் தள்ளினால் நான்கைந்து அங்குல நிலைப்படி வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் இதை நம்பாதீர்கள். இது வாடகை வண்டியின் டிக்கியில் அடங்கும்.

பையில் வைக்க வேண்டியவை: குஷனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, இரண்டு துண்டு, மாற்று உடை, சக்கரம் துடைக்க ஈரத்துணி, காற்றடிக்கும் பம்பு, குடிநீர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. சிறுநீர் போக டியூப் வைத்திருப்பவர்கள் மாற்று யூரின் பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேலை, துப்பட்டா, வேட்டி எதுவானாலும் ஓரத்தை இடுப்பில் செருகிவிட்டுத்தான் நாற்காலியை நகர்த்த வேண்டும். சக்கரக் கம்பியில் துணி சிக்கினால் நாற்காலி சட்டென்று நின்றுவிடும்.

எந்த நாள், எந்த நேரம்

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, சிவராத்திரி ஆகிய நாட்களில் முதல் பயணம் வேண்டாம். கூட்டத்தில் நாற்காலியில் இருப்பவரின் முகம் மற்றவர்களின் இடுப்பளவில் இருக்கும். காற்றும் வராது, வழியும் தெரியாது. சாதாரணச் செவ்வாய், புதன், வியாழனில் வாருங்கள். மற்ற மாதத்து அமாவாசைகளுக்கும் கூட்டம் வரும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். கால்மிதி இரும்பு சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். அமாவாசையையும் சிவராத்திரியையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: தரை ஈரம். இந்தக் கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. காலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரு கிணற்றில் குளித்துவிட்டு அடுத்த கிணற்றுக்குச் சொட்டச் சொட்ட நடக்கிறார்கள். கல் தரையில் தண்ணீர் நின்றால் தள்ளுகிறவர் கால் வழுக்கும். சக்கரத்தை ஒட்டி இருக்கிற தள்ளு வளையத்தில் உங்கள் கையும் நிற்காது. விடியற்காலை 5 மணி வாக்கில் ஸ்படிகலிங்க தரிசனம். அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த நேரத்தில் வரத்தான் வேண்டும். பிரகாரத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், மதியம் நடை சாத்தித் திறந்த பிறகு வாருங்கள். மூன்றரை, நான்கு மணிக்கு உள்ளே போனால் தரை பெரும்பாலும் காய்ந்திருக்கும். நான் எப்போதும் கூட்டிக்கொண்டு போவது அந்த நேரத்தில்தான்.

தீவுக்குள் வருவது, தங்குவது

ரயில் 2022 டிசம்பரில் நின்றது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பிறகு மறுபடியும் தீவுக்குள் வருகிறது. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை. ரயில்வேயின் சலுகை அட்டையை முன்பே வாங்கி வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் பெட்டி வண்டியின் முனையில், கார்டு பெட்டியை ஒட்டி இருக்கும். அதன் கதவு மற்றப் பெட்டிகளைவிட அகலம்.

நகரப் பேருந்தில் நமக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் அந்தப் படியில் நாற்காலி ஏறாதே. மதுரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வருகிறவர்களுக்குக் கார்தான் சௌகரியம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் முழுக்க ரயில் பாலமும் கடலும்தான்.

விடுதியில் அறை கேட்கும்போது, "வீல்சேர் வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அதெல்லாம் வரும்" என்றுதான் பதில் வரும். நான் கேட்பது இந்த நான்கு: அறை கீழ்த்தளத்திலா? வாசலில் எத்தனை படி? குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்? வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் இருக்கிறதா? குளியலறைக் கதவை அளவு நாடா வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாத விடுதி வேண்டாம். பெரும்பாலான விடுதிகளில் அறைக் கதவு அகலமாக இருக்கும், குளியலறைக் கதவில்தான் நாற்காலி மாட்டும். ஒருமுறை நான் அப்படி மாட்டி இரண்டு நாள் குளிக்காமல் ஊர் திரும்பினேன்.

வாசலில்

கோவிலுக்குக் கிளம்பும் முன் விடுதியிலேயே யூரின் பையைக் காலி செய்துவிடுங்கள். உள்ளே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ அடிபட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டுவது என்று வந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, பை நிறைந்துவிட்டதா என்று உடனே பாருங்கள். சரி செய்தும் அடங்கவில்லை என்றால் நேரே மருத்துவமனை.

செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழகக் கோவில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. ஆகவே கூட வந்தவர் பிரிந்துபோனால் எந்த இடத்தில் சந்திப்பது என்று வாசலிலேயே பேசிவிடுங்கள். முக்கியமான இரண்டு எண்களைத் தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்கு ராஜகோபுரம் 126 அடி, ஒன்பது நிலை. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் போய் நிற்பார்கள். நீங்கள் நேராக அங்கே போக வேண்டாம். எந்த வாசல் வழியாக விடுவது, எங்கே தடுப்புக் கட்டுவது என்பது கூட்டத்தைப் பொறுத்து மாறும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கூட வந்தவரை முதலில் அனுப்புங்கள். அவர் பார்த்துவர வேண்டியது: எந்த வாசலில் நிலைப்படி தாழ்வாக இருக்கிறது, எங்கே சாய்தளம் போட்டிருக்கிறார்கள், கம்பித் தடுப்புக்கு நடுவே நாற்காலி நுழையுமா, பேட்டரி கார் ஓடுகிறதா. பத்து நிமிட வேலை. எங்கள் அண்ணன் மகன் இதற்கு ஒரு நூல் வைத்திருக்கிறான். என் நாற்காலியின் அகலத்துக்கு வெட்டியது. தடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "அத்தை, வடக்க போவோம்" என்று சொல்வான்.

வாசலில் காவலுக்கு நிற்பவரிடம் பேச வேண்டியது நீங்கள். கூட வந்தவர் அல்ல. இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். அவர்கள் உங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம்தான் கேட்பார்கள்: "இவங்களால நடக்கவே முடியாதா?" பதிலை நீங்கள் சொல்லுங்கள். "அண்ணே, நடக்க முடியாது. நாற்காலி உருண்டு போறதுக்கு எந்த வழி நல்ல வழி?" என்று கேளுங்கள். "உள்ளே விடுவீர்களா" என்று கேட்டால் அவர் ஆம், இல்லை என்று யோசிப்பார். எது நல்ல வழி என்று கேட்டால் வழியைக் காட்டுவார்.

சில சமயம் சக்கரத்தைக் காட்டி, "ரோட்டு அழுக்கு" என்பார்கள். கோபப்பட வேண்டாம். ஈரத்துணியை எடுத்து அவர் முன்னாலேயே நான்கு சக்கரத்தையும் துடையுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். கோவில் நாற்காலிக்கு மாறச் சொன்னால், உடம்பில் உணர்ச்சி இருக்கிறவர்கள் மாறிக்கொள்ளலாம். உணர்ச்சி இல்லாதவர்கள் சொந்தக் குஷனை எடுத்து அதில் போட்டுத்தான் உட்கார வேண்டும். வெறும் ரெக்சின் துணியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் புண் வரும், அது ஆற மாதக்கணக்காகும். அதை எடுத்துச் சொன்னால் பலர் புரிந்துகொள்வார்கள். அதற்கும் மேலே பேச வேண்டியிருந்தால் கோவில் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் என்று சொல்கிற பட்டியலில் வழிபாட்டுக்கான கட்டடமும் இருக்கிறது. நாம் கேட்பது தயவு அல்ல.

நிலைப்படியைத் தாண்டும் முறை: நாற்காலியைப் படிக்கு நேராக, கொஞ்சமும் கோணாமல் கொண்டுவாருங்கள். பின்னால் இருப்பவர் பின்கம்பியைக் காலால் மிதித்து நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முன்சக்கரங்களைப் படிக்கு மேலே வைக்க வேண்டும். அப்புறம் பின்சக்கரம் படியில் முட்டும் வரை தள்ளி, தூக்காமல் உருட்டியே ஏற்ற வேண்டும். இறங்கும்போது எப்போதும் பின்புறமாக. முன்புறமாக இறங்கினால் ஆள் முன்னால் சாய்வார். பலகை போட்டாலும் இதே முறைதான்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

சில இடங்களில் வேறு வழி இருக்காது. அப்போதும் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவசரப்படாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்துங்கள். "கொஞ்சம் பொறுங்க, நான் சொன்ன பெறகு தூக்குங்க." இதைச் சத்தமாகவே சொல்லுங்கள். இரண்டாவது, யார் யார் தூக்குவது என்று நீங்களே காட்டுங்கள். நான் பெண். எனக்கு முன்னால் நிற்பவர் என் அண்ணன் மகனாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அதைச் சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. மூன்றாவது, பிரேக்கைப் போட்டு, பட்டையைக் கட்டி, கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, சிவப்புத் துணி. முன்னால் இருவர், பின்னால் இருவர். சக்கரத்தை யாரும் பிடிக்கக் கூடாது, அது சுழலும். ஐந்தாவது, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவது நீங்கள். வைக்கும்போது பின்சக்கரம் முதலில் தரையைத் தொட வேண்டும்.

தூக்க வருகிறவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யாத்திரை வந்த வடநாட்டுப் பெரியவர் ஒருவர், எழுபது வயது இருக்கும், என் நாற்காலியைப் பிடிக்க ஓடிவந்தார். கும்பிட்டு, வேண்டாம் ஐயா என்றேன். பலகையைப் போட்டதும் அவரே ஒரு முனையைக் காலால் மிதித்து அசையாமல் பிடித்துக்கொண்டார். உதவ வந்தவருக்குப் பலகை பிடிக்கிற மாதிரி ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

பிரகாரத்துக்குள்

சரி, உள்ளே வந்தாயிற்று. இப்போது தரிசன வரிசையைப் பார்த்து ஓடாதீர்கள். முதலில் ஒரு சுற்று. எந்த வாசல் வழியாக வந்தாலும் வலமாகவே போங்கள். கூட்டமும் அந்தத் திசையில்தான் போகும், எதிர்த்துத் தள்ளுவது கஷ்டம்.

நடந்து பார்க்கிறவர்களுக்கு இந்த மேடை முகத்தளவு இருக்கும். உட்கார்ந்திருக்கிற நம் கண் நான்கடி உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் மேடை நமக்குக் கரை மாதிரி உயர்ந்து தெரியும். கரைக்கு மேலே வரிசையாகத் தூண்கள். எங்கள் பக்கம் கண்மாய்க்கரை மேலே பனை நிற்பதைக் கண்மாய்க்குள் இருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது சொன்னவுடனே புரியும்.

நீண்ட பக்கத்தின் தொடக்கத்தில், தெற்கோ வடக்கோ, பாதையின் சரிநடுவில் நாற்காலியை நிறுத்திப் பிரேக் போடுங்கள். தரையிலிருந்து கூரையின் நடு வரைக்கும் சுமார் 30 அடி. 640 அடி தூரத்துக்கு இரண்டு வரிசைத் தூணும் குறுகிக் குறுகிப் போய் ஒரு புள்ளியில் சேர்வது தெரியும். நின்று பார்க்கிறவர்களுக்கு அடிக்கொரு தரம் யாராவது குறுக்கே வந்து இடிப்பார்கள். நாற்காலி நின்றால் கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போகும், நமக்கு அந்த ஒரு வசதி உண்டு. கூட வந்தவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, வேண்டிய மட்டும் பாருங்கள். கூரையைப் பார்க்கக் கழுத்தை அதிகம் மடக்க முடியாதவர்கள், பின்னால் இருப்பவரை நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துத் தன் வயிற்றில் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே இருக்கிற வண்ண ஓவியங்கள் அப்போது முழுசாகத் தெரியும்.

மேற்குப் பக்கம் வந்ததும் சொக்கட்டான் மண்டபத்தைத் தேடுங்கள். மேற்குக் கோபுரத்திலிருந்து வருகிற பாதையும் சேதுமாதவர் சன்னதிக்குப் போகிற பாதையும் சந்திக்கிற இடம். சொக்கட்டான் ஆடுகிற துணி கூட்டல் குறி போல நான்கு பக்கம் நீளுமே, அந்த வடிவம். ஆடியிலும் மாசியிலும் நடக்கிற திருவிழாவில் உற்சவ மூர்த்திகளை இங்கே அலங்கரித்து வைப்பார்கள். நடுவில் நாற்காலியை நிறுத்தி நின்ற இடத்திலேயே ஒரு முழு வட்டம் திரும்புங்கள். ஒரு சக்கரத்தை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் போதும். நான்கு பக்கமும் தூண் வரிசைகள் சுழன்று வரும். நான் கூட்டிக்கொண்டு போன எல்லோரும், சின்னப் பிள்ளையிலிருந்து பெரியவர் வரை, இந்த இடத்தில் இரண்டு மூன்று தடவை சுற்றாமல் நகர்ந்தது இல்லை.

தூண்களில் சேதுபதிகளின் உருவச் சிலைகளும் உண்டு. மேடைமேல் இருப்பதால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்த இடத்தில் புண் வராமல் இருக்க, பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள். கையூன்ற முடியாதவர்கள் முன்னால் குனிந்து நிமிரலாம். பார்க்கிற மும்முரத்தில் இது மறந்துபோகும். ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நின்று நின்று பார்த்தால் சுற்று முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

தீர்த்தமும் தரிசனமும்

22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று வருகிறவர்கள் காலையில்தான் வர வேண்டும். கிணற்றிலிருந்து வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கிணற்றுக் கட்டையில் ஏற வேண்டியது இல்லை. "கீழ கொண்டாந்து ஊத்துங்கண்ணே" என்று கேட்டால் செய்வார்கள். ஆனால் நாற்காலியிலேயே 22 தடவை நனைந்து, ஈரக் குஷனில் உட்கார்ந்திருப்பது தோலுக்குக் கெடுதல். குஷனுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அதன்மேல் துண்டு விரித்து உட்காருங்கள். முடிந்தவுடன் துணி, துண்டு இரண்டையும் மாற்றுங்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குள் போகவும் கூடாது. உணர்ச்சி இல்லாதவர்களுக்கு என் யோசனை, தலையில் மட்டும் தெளித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

தரிசனத்துக்கு வரிசையில் நிற்காமல் போக வழி இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். முதலில் விசுவநாதரையும் அப்புறம் ராமநாதரையும் கும்பிடுவது இங்கே முறை. உள்ளே போகப் போகப் பாதை குறுகும், நிலைப்படிகள் கூடும். சுதையாலான பெரிய நந்தி இருக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று, முன்னால் இருக்கிற வழியைப் பார்த்து, மேலே போவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். கூட வந்தவர்கள் "இவ்வளவு தூரம் வந்துட்டு…" என்று இழுப்பார்கள். அதற்காகப் போக வேண்டாம். நான் ஒரு தடவை அம்மன் பர்வதவர்த்தினி சன்னதிக்குப் போகாமலேயே பிரகாரத்தில் இருந்துகொண்டேன். எங்கள் அம்மா போய்க் குங்குமம் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பக்கத்தில் வேறு எங்கே

அக்னி தீர்த்தம், அதாவது கோபுரத்துக்கு எதிரே இருக்கிற கடல், மணல் தொடங்கும் இடம் வரை போய்ப் பார்க்கலாம். மணலில் முன்சக்கரம் புதைந்துவிடும். போயே ஆக வேண்டும் என்றால் நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இழுக்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. காரில் இருந்தபடியே இரண்டு பக்கக் கடலையும் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயம் மணலுக்குள் நிற்கிறது. அதற்கு நாற்காலி சரிப்படாது. ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கிற ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் பார்க்க வேண்டியவை. ஆனால் கட்டடம் உயர்ந்த மேடைமேல் இருக்கிறது, படி ஏற வேண்டும். அங்கே என் பலகை உதவாது. நான்கு ஆளும் சிவப்புத் துணியும் வேண்டும்.

திரும்பி வந்ததும்

அறைக்கு வந்ததும் முதல் வேலை படுத்துக்கொள்வது. கூட வந்தவரிடம் சொல்லியோ கைக்கண்ணாடி வைத்து நீங்களாகவோ, உட்காருகிற இடம், இடுப்பெலும்பு, குதிகால், பாதத்தின் அடி எல்லாம் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்ததும் வெளுத்துப் பழைய நிறத்துக்கு வந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அந்த இடத்தில் பாரம் போடாமல் படுத்தே இருங்கள். அடுத்த நாள் பயணத்தையும் தள்ளிப் போடுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அப்போது புறங்கையை வைத்து, சுற்றியிருக்கிற தோலைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நாற்காலி. தீவின் உப்புக் காற்றும் மணலும் இரண்டே நாளில் பேரிங்கைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் சக்கரத்தையும் அச்சையும் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது மணலைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும். சிவப்புத் துணியை மட்டும் அவிழ்க்காமல் விட்டுவையுங்கள்.